இனூயிட் இளைஞர்களிடையே தற்கொலை ஏன் இத்தனை மடங்கு அதிகம்?

கேள்வி: நான் ஒன்டாரியோவில் நர்ஸ். கனடாவின் வடகோடியில், இனூயிட் பூர்வகுடி மக்கள் வாழும் நுனாவுட்டில் ஒரு சின்ன ஊரில் ஆறு வார ஒப்பந்த வேலை வந்திருக்கிறது. அங்கே இளைஞர்களிடையே தற்கொலை மிக அதிகம் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். காரணம் கேட்டால் குளிர், ஆறு மாத இருட்டு, குடி என்கிறார்கள். "அது அவங்க ரத்தத்திலேயே இருக்கு" என்றுகூட ஒருவர் சொன்னார். அரசாங்கம் இவ்வளவு பணம் கொடுத்தும் ஏன் இப்படி? போவதற்கு முன்னால் நான் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்:

போவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே நல்ல விஷயம். பலர் போய் வந்த பிறகுதான் கேட்கிறார்கள். சிலர் கேட்பதே இல்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நடுவில் மனதுக்குப் பாரமான விஷயங்கள் வரும். படிக்கிறவர்களில் யாருக்காவது இப்போது அந்த மாதிரி எண்ணம் இருந்தால், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் யாரிடமாவது பேசுங்கள். கனடாவில் 988, இந்தியாவில் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926.

சரி, எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோம். கனடா புள்ளிவிவரத் துறை 2019-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2011 முதல் 2016 வரையிலான இறப்புப் பதிவுகளை மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு இணைத்துப் பார்த்தார்கள். பூர்வகுடி அல்லாத கனடியர்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 8 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பு வம்சாவளியினரான மெட்டிஸ் மக்களில் அது சுமார் 15. ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் எனப்படும் முதற்குடி மக்களில் 24. இனூயிட் மக்களில் 72, அதாவது ஒன்பது மடங்கு. இதிலும் இளைஞர்களின் பங்குதான் மிகப் பெரியது. தெற்கே இருக்கும் கனடாவில் தற்கொலை விகிதம் நடுவயதில்தான் உச்சத்தைத் தொடுகிறது. வடக்கே பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் பிள்ளைகள் போய்விடுகிறார்கள்.

நுனாவுட் சுமார் இருபது லட்சம் சதுர கிலோமீட்டர், 25 ஊர்கள், ஓர் ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் சாலை கிடையாது. 2013-ல் அங்கே இருந்தவர்கள் சுமார் 36,000 பேர். அந்த ஒரே ஆண்டில் 45 பேர் தற்கொலையால் இறந்தார்கள். 2015-ல் மரண விசாரணை அதிகாரியின் நடுவர் குழு தலைநகர் இகாலுயிட்டில் உட்கார்ந்து சாட்சிகளைக் கேட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நுனாவுட் அரசு இதை நெருக்கடி என்று அறிவித்தது. ஐந்நூறு, ஆயிரம் பேர் இருக்கும் ஊரில் இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இறந்தவரைத் தெரியாதவர் ஊரில் யாரும் இல்லை. அவருடைய சித்தி உங்கள் மருத்துவ மையத்தில் மொழிபெயர்ப்பாளராக இருப்பார், வகுப்புத் தோழன் கடையில் கல்லாவில் நிற்பான். ஒரு துக்கம் ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

இப்போது உங்களிடம் சொல்லப்பட்ட காரணங்களுக்கு வருகிறேன்.

ரத்தத்தில் இருக்கிறது என்பதை முதலில் தள்ளிவிடலாம். ரத்தத்தில் இருந்திருந்தால் தாத்தா காலத்திலும் இருந்திருக்க வேண்டும். இன்றைய நுனாவுட் பகுதியில் 1960-களில் தற்கொலை மிக அரிது, இளைஞர்களிடம் இன்னும் அரிது. 1970-களில் ஏறத் தொடங்கி, அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்த உயரத்துக்கு வந்தது. இனூயிட் மக்கள் அலாஸ்கா, கிரீன்லாந்து, கனடா என்று பரவி வாழ்கிறவர்கள். இந்த மூன்று இடங்களிலும் ஏற்றம் ஒரே நேரத்தில் வரவில்லை. முதலில் அலாஸ்காவில், பிறகு கிரீன்லாந்தில், கடைசியாகக் கிழக்குக் கனடாவின் வடபகுதியில். மக்களை நிரந்தரக் குடியிருப்புகளுக்குள் கொண்டுவந்து அரசு அவர்கள் வாழ்க்கையைக் கையில் எடுத்ததும் இதே வரிசையில்தான் நடந்தது. அதற்குப் பிறகு பிறந்து, குடியிருப்பிலேயே வளர்ந்த முதல் தலைமுறை பதின்வயதுக்கு வரும்போது வரைபடம் மேலே போகிறது. மரபணு முப்பது ஆண்டில் மாறுகிற பொருள் இல்லை.

குளிரும் இருட்டும் கூட நிற்காது. ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக், நுனாவுட்டின் தலைநகர் இகாலுயிட்டைவிடச் சற்று வடக்கே இருக்கிறது. அங்கே இந்த நிலை இல்லை. "ஆறு மாத இருட்டு" என்பதும் சரியில்லை; இகாலுயிட்டில் ஆண்டின் மிகக் குறுகிய நாளிலும் நாலு மணி நேரத்துக்கு மேல் வெயில் உண்டு. கிரீன்லாந்துத் தரவுகளைப் பல ஆண்டுகளுக்குப் பார்த்தவர்கள் கண்டது இன்னும் முக்கியம்: தற்கொலைகள் கூடுவது குளிர்காலத்தில் இல்லை, சூரியன் மறையாத கோடையில், உச்சம் ஜூன் மாதத்தில். தூக்கமின்மைக்கு அதில் பங்கு இருக்கலாம் என்கிறார்கள். நீங்கள் கோடையில் போகிறீர்கள் என்றால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சமும் பனி உருகலும் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதுதான் கவனமாக இருக்க வேண்டிய பருவம்.

குடி ஒரு காரணிதான், மறுக்கவில்லை. ஆனால் மதுவை முழுக்கத் தடை செய்த ஊர்களிலும் பிள்ளைகள் இறக்கிறார்கள். குடி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். இதைத் தெரியாமல் போனால் அங்கே நீங்கள் பார்ப்பது எதுவும் புரியாது.

1940-களில் கனடா அரசுக்கு இனூயிட் பெயர்கள் வாயில் நுழையவில்லை. குடும்பப் பெயர் என்ற வழக்கமும் அவர்களுக்கு இல்லை. அதனால் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த சிறு வில்லை கொடுத்தார்கள். கிழக்கே இருப்பவர்களுக்கு 'ஈ' என்ற எழுத்தில் தொடங்கும் எண், மேற்கே இருப்பவர்களுக்கு 'டபிள்யூ'. அதைக் கழுத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். 1970-கள் வரை அந்த எண்கள் இருந்தன. நீங்கள் பார்க்கப்போகும் பாட்டிகளில் சிலருக்குத் தங்கள் எண் இன்றும் மனப்பாடமாகத் தெரியும்.

1953-ல் கியூபெக்கின் வடக்கே இனுக்ஜுவாக்கில் வாழ்ந்த குடும்பங்களைச் சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி, ரெசல்யூட், கிரைஸ் ஃபியோர்டு என்ற இடங்களில் கொண்டுபோய் இறக்கினார்கள். வேட்டை நன்றாக இருக்கும், பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. அரசு மன்னிப்புக் கேட்டது 2010-ல்.

பிறகு காசநோய். 'சி. டி. ஹவ்' என்ற கப்பல் கோடையில் ஊர் ஊராக வரும். மக்களைக் கப்பலில் ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். நோய் இருந்தால் அப்படியே தெற்கே இருக்கும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனைக்கு. கரைக்குத் திரும்பி பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வர நேரம் தர மாட்டார்கள். 1950-களின் நடுவில், ஏழு இனூயிட்டுகளில் ஒருவர் தெற்கே மருத்துவமனையில் இருந்தார். பலர் திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்பதுகூடப் பல குடும்பங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. 2019 மார்ச்சில் பிரதமர் இகாலுயிட்டுக்கு வந்து இதற்காக மன்னிப்புக் கேட்டார். ஒரு நர்ஸாக நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது: "உங்களைத் தெற்கே அனுப்ப வேண்டும்" என்று ஒரு முதியவரிடம் சொன்னால் அவர் முகம் ஏன் மாறுகிறது என்பதற்குப் பதில் அந்தக் கப்பலில் இருக்கிறது.

இதோடு நாய்கள். பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்கள் இல்லாமல் வேட்டைக்குப் போக முடியாது, வேட்டை இல்லாமல் ஆண்மகனுக்கு அங்கே வேலை இல்லை. குடியிருப்புகளில் அவிழ்ந்து திரிகின்றன என்று காவல்துறையினரும் மற்ற அதிகாரிகளும் அவற்றைச் சுட்டுத் தள்ளினார்கள். இனூயிட் மக்களே அமைத்த கிகிக்தானி உண்மை ஆணையம் 2007 முதல் 2010 வரை நூற்றுக்கணக்கானோரிடம் சாட்சியம் எடுத்தது. நாய்கள் போன அன்று அப்பா மாறிப்போனார் என்ற வருத்தம் அதில் திரும்பத் திரும்ப வருகிறது.

உறைவிடப் பள்ளிகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கனடா முழுவதும் 1,50,000-க்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அங்கே சேர்த்தார்கள். தாய்மொழி பேசினால் அடி. பாலியல் கொடுமைகள் பரவலாக நடந்தன. கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990-களின் பிற்பாதியில்தான். அங்கே வளர்ந்தவர்கள் வீடு திரும்பிப் பெற்றோரானார்கள். பிள்ளையை எப்படி வளர்ப்பது என்பதை நாம் யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. நம்மை வளர்த்ததைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். அவர்களுக்குப் பார்க்கக் கிடைத்தது விடுதிக் கண்காணிப்பாளரின் பிரம்பு. உறைவிடப் பள்ளியில் படித்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு, அந்தப் பள்ளிப் பக்கமே போகாத பிள்ளைகளுக்குக்கூட, மனத்துயரமும் தற்கொலை எண்ணமும் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதெல்லாம் பழைய கதை, இன்று இறக்கிறவர்கள் இருபது வயதுப் பிள்ளைகள், இரண்டையும் எப்படி இணைப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்குத்தான் பதில் தேடினார்கள். 2003-க்கும் 2006-க்கும் இடையில் நுனாவுட்டில் தற்கொலையால் இறந்த 120 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் அதே வயது, அதே பாலினம், அதே ஊரில் உயிரோடு இருக்கும் ஒருவரை இணையாக வைத்து, குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் உட்கார்ந்து பேசினார்கள். இரண்டு குழுவுக்கும் வெயில் ஒன்றுதான், குளிர் ஒன்றுதான், இனம் ஒன்றுதான். வேறுபட்டது என்ன? இறந்தவர்களில் சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்கள் அதிகம், சிகிச்சை இல்லாத மனச்சோர்வு அதிகம், போதைப் பழக்கம் அதிகம், படிப்பு குறைவு, வேலை குறைவு. உலகத்தில் எங்கே எடுத்தாலும் தற்கொலைக்கு இட்டுச் செல்லும் அதே காரணிகள்தான். அவை இங்கே ஒரே வீட்டுக்குள் குவிந்திருக்கின்றன என்பதே வித்தியாசம். அவற்றை அங்கே கொண்டுவந்து குவித்ததுதான் நான் மேலே சொன்ன வரலாறு.

வீடு என்று சொன்னேன், அதை நேராகவே எடுத்துக்கொள்ளுங்கள். இனூயிட் தாயகப் பகுதிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நெருக்கடியான வீடுகளில் வாழ்கிறார்கள். மூன்று படுக்கையறை வீட்டில் பத்துப் பேர் இருப்பது அதிசயம் இல்லை. தூங்குவதற்கே முறை வைத்துக்கொள்கிறார்கள். பள்ளிக்குப் போகும் பையன் எங்கே படிப்பான்? வீட்டில் அடிக்கிற ஒருவர் இருந்தால் பெண் எங்கே போவாள்? ஊரில் வேறு வீடு காலியாக இல்லை, பக்கத்து ஊருக்கு விமானத்தில்தான் போக வேண்டும். 2007–08-ல் எடுத்த ஆய்வில், நுனாவுட்டின் பள்ளி வயதுக்குக் கீழ்ப்பட்ட இனூயிட் குழந்தைகளில் பத்தில் ஏழு பேர் போதிய உணவு உறுதியில்லாத வீடுகளில் இருந்தார்கள். மனநல ஆலோசகரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரவில் எங்கே படுப்பது என்று தெரியாத பிள்ளையிடம் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து நாம் எதைச் சாதிக்கப்போகிறோம்?

இப்போது இந்தப் பதிலில் நான் முக்கியமாக நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். "பூர்வகுடிகளிடையே தற்கொலை மூன்று மடங்கு", "ஒன்பது மடங்கு" என்றெல்லாம் சொல்கிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்தச் சராசரி ஒரு பெரிய உண்மையை மூடி மறைக்கிறது. அதே புள்ளிவிவரத் துறை ஆய்வில், ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் சமூகங்களில் 60 சதவீதத்துக்கும் மேலானவற்றில் அந்தக் காலகட்டத்தில் ஒரு தற்கொலைகூட இல்லை. இனூயிட் பகுதிகளுக்குள்ளும் இதே ஏற்ற இறக்கம் உண்டு: நான்கு தாயகப் பகுதிகளில் விகிதம் கனடா சராசரியைப்போல் ஐந்து மடங்கிலிருந்து இருபத்தைந்து மடங்கு வரை மாறுகிறது.

இதில் அவசரப்பட்டு முடிவுக்கு வரக் கூடாது. 500 பேர் உள்ள ஊரில், ஒரு லட்சத்துக்கு 24 என்ற கணக்குப்படி, சராசரியாக எட்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஓர் இறப்பு நிகழும். அப்படிப்பட்ட ஊரில் ஐந்து ஆண்டு பூஜ்யம் என்றால் அது தற்செயலாகவும் இருக்கலாம். ஆகவே பூஜ்யம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. எந்த மாதிரி ஊர்களில் பூஜ்யம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அதைத்தான் மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்டோபர் லாலோண்ட் என்ற இரு உளவியலாளர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவில் செய்தார்கள். சாண்ட்லர் முதலில் ஆராய்ந்தது வேறொன்றை. "போன வருஷம் இருந்த நீயும் இப்போது இருக்கும் நீயும் எப்படி ஒரே ஆள்?" என்று பதின்வயதினரிடம் கேட்டார். பெரும்பாலான பிள்ளைகள் யோசித்து ஏதாவது ஒரு காரணம் சொன்னார்கள். தற்கொலை முயற்சிக்குப் பிறகு மருத்துவமனையில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோரால் சொல்ல முடியவில்லை. நாளைக்கு இருக்கப்போகும் ஆள் நான்தான் என்ற பிடிமானம் அறுந்துபோனால், அந்த ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்ற கவலையும் போய்விடுகிறது. அப்படியானால் ஒரு சமூகத்துக்கே நேற்றும் நாளையும் அறுந்துபோனால் என்ன ஆகும்? இதுதான் அடுத்த கேள்வி.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏறத்தாழ 200 ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் சமூகங்கள் இருக்கின்றன. 1987 முதல் 1992 வரை அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இளைஞர் தற்கொலையே இல்லை. இறப்புகளில் 90 சதவீதம் சுமார் பத்தில் ஒரு பங்கு சமூகங்களில் குவிந்திருந்தது. பிறகு ஒவ்வொரு சமூகத்தையும் ஆறு அடையாளங்களை வைத்துப் பார்த்தார்கள். நிலத்துக்காக வழக்கோ பேச்சுவார்த்தையோ நடத்துகிறதா, தன்னாட்சி பெற்றிருக்கிறதா, பள்ளி அவர்கள் கையில் இருக்கிறதா, மருத்துவ சேவை, காவலும் தீயணைப்பும், பண்பாட்டுக்கென ஓர் இடம். ஆறும் இருந்த சமூகங்களில் இளைஞர் தற்கொலை ஒன்றுகூட இல்லை. ஒன்றும் இல்லாத இடங்களில் விகிதம் மிகக் கொடுமையாக இருந்தது. இடைப்பட்டவை படிப்படியாக இடையில் நின்றன. 1993 முதல் 2000 வரையிலான தரவை எடுத்துத் திரும்பவும் செய்தபோதும் அதே ஒழுங்குதான் வந்தது. தற்செயல் இரண்டு முறை ஒரே படிக்கட்டைக் கட்டாது. பின்னால் 2007-ல் மொழியைப் பார்த்தார்கள்: உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் மொழியில் உரையாடக்கூடிய சமூகங்களில் இளைஞர் தற்கொலை மிகக் குறைவு, பலவற்றில் இல்லவே இல்லை.

குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். தன்னாட்சி பெற்ற சமூகம் முன்பே வசதியாகவும் ஒற்றுமையாகவும் இருந்திருக்கலாம், எது காரணம் எது விளைவு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என்பார்கள். சரிதான். ஆனாலும் "இது அந்த இனத்தின் குணம்" என்ற பேச்சை முடித்துவைக்க இந்த ஆய்வு போதும். அதே இனம், அதே மாகாணம், அதே வானிலை. ஒரு பள்ளத்தாக்கில் பிள்ளைகள் வாழ்கிறார்கள், அடுத்ததில் இறக்கிறார்கள்.

ஊரின் பள்ளிக்கூடம் யார் கையில் என்பது உயிர்ப் பிரச்சினையா என்று தோன்றலாம். ஒன்டாரியோவின் வடக்கே ஜேம்ஸ் விரிகுடா ஓரம் அட்டவாபிஸ்காட் என்ற கிரீ மக்கள் ஊர் இருக்கிறது, சுமார் 2,000 பேர். 1979-ல் அங்கே பள்ளிக்கு அடியில் டீசல் கசிந்து மண்ணில் கலந்தது. பிள்ளைகளுக்குத் தலைவலி, குமட்டல். இருபது ஆண்டுக்கு மேல் அதே கட்டடத்தில் படித்தார்கள். 2000-ல் பெற்றோர்கள் பொறுக்க முடியாமல் பிள்ளைகளை வெளியே எடுத்தபோது பள்ளி மூடப்பட்டது. தற்காலிகமாகத் தகரப் பெட்டி மாதிரியான வகுப்பறைகளைக் கொண்டுவந்து அதே மண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மைனஸ் நாற்பது குளிரில் ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். புதுப் பள்ளி தருவதாக அமைச்சர்கள் ஒருவர் பின் ஒருவராக வாக்குக் கொடுத்தார்கள். ஷானன் கூஸ்டாசின் என்ற எட்டாம் வகுப்பு மாணவி 2008-ல் தன் வகுப்பின் சுற்றுலாவை விட்டுக்கொடுத்து ஒட்டாவா போய் அமைச்சரிடம் நேரில் கேட்டாள். பணம் இல்லை என்றார்கள். உயர்நிலைப் பள்ளிக்காக அவள் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது. 2010-ல் 15 வயதில் சாலை விபத்தில் இறந்தாள். புதுப் பள்ளி திறந்தது 2014-ல். தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி வைரச் சுரங்கம் ஒன்று இந்தக் காலத்தில்தான் கட்டி முடிக்கப்பட்டு இயங்கிக்கொண்டிருந்தது.

2016 ஏப்ரலில் அதே ஊர் நெருக்கடி நிலை அறிவித்தது. முந்தைய இலையுதிர் காலத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட தற்கொலை முயற்சிகள், ஒரே இரவில் 11. பதினான்கு ஆண்டுகள் தகரப் பெட்டியில் படித்த தலைமுறை அது. நீங்கள் எங்களுக்கு முக்கியமில்லை என்பதை ஒரு நாடு இதைவிட நீண்ட காலம், இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அவசரக் குழுக்கள் விமானத்தில் வந்து இறங்கின, சில வாரங்களில் திரும்பிப் போயின.

அரசு பணம் கொட்டுகிறது என்ற பேச்சுக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. மீதிப் பாதி கனடா மனித உரிமைத் தீர்ப்பாயத்திடம் இருக்கிறது. 2016 ஜனவரியில் அது தெளிவாகச் சொன்னது: ரிசர்வு எனப்படும் முதற்குடி மக்களுக்கான ஒதுக்கீட்டு நிலங்களில் வாழும் பிள்ளைகளின் நலச் சேவைக்கு மத்திய அரசு மற்ற பிள்ளைகளுக்குக் கிடைப்பதைவிடக் குறைவாகத்தான் செலவிட்டிருக்கிறது, இது இனப் பாகுபாடு. அதற்கான இழப்பீடாக 2,300 கோடி டாலருக்கு மேல் தர அரசு ஒப்புக்கொண்டது, 2023-ல் நீதிமன்றம் அதை ஏற்றது. 2016 கணக்கெடுப்பில் 14 வயது வரையிலான பிள்ளைகளில் பூர்வகுடிகள் 8 சதவீதத்துக்கும் குறைவு. வளர்ப்புக் குடும்பங்களில் வைக்கப்பட்ட பிள்ளைகளில் அவர்கள் பாதிக்கும் மேல். பிள்ளையை வீட்டிலேயே காப்பாற்றப் பணம் இல்லை, பிரித்துக் கொண்டுபோக இருந்தது.

இது கனடாவோடு நிற்பதில்லை. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடம் விகிதம் மற்றவர்களைப்போல் இரு மடங்குக்கும் மேல், கிரீன்லாந்து உலகிலேயே மிக மோசமான இடங்களில் ஒன்று. ஆனால் முப்பது நாடுகள், பிரதேசங்களின் ஆய்வுகளைத் திரட்டிய 2018-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, எல்லாப் பூர்வகுடி மக்களிடமும் விகிதம் உயர்வாக இல்லை என்பதையும் காட்டியது.

குறைக்க முடியுமா? முடிந்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் வெள்ளை மலை அப்பாச்சி மக்கள் சுமார் பதினைந்தாயிரம் பேர். 2001-ல் அவர்களுடைய பழங்குடிப் பேரவையே ஒரு விதி போட்டது: யார் தற்கொலை எண்ணத்தைச் சொன்னாலும், முயற்சி செய்தாலும், அதை ஆசிரியரோ காவலரோ அண்டை வீட்டாரோ ஒரே இடத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததும் அப்பாச்சி மக்களிலேயே பயிற்சி பெற்ற ஒருவர் அந்த வீட்டுக்குப் போவார். என்ன நடந்தது என்று கேட்பார், மருத்துவ உதவி கிடைத்ததா என்று பார்ப்பார், கிடைக்காவிட்டால் கூட்டிப் போவார், பிறகும் வந்து பார்ப்பார். முதியவர்கள் பள்ளிகளுக்குப் போய் மொழியும் மரபும் சொல்லிக்கொடுத்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் பின்னால் நின்றது, முன்னால் நின்றவர்கள் ஊர்க்காரர்கள். 2001–2006 காலத்தோடு ஒப்பிட்டால் 2007–2012-ல் தற்கொலை விகிதம் 38 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் பொது விகிதம் ஏறிக்கொண்டிருந்தது.

பணத்துக்கும் ஒரு சான்று இருக்கிறது. வட கரோலினாவில் பிள்ளைகளின் மனநலத்தை 1993 முதல் தொடர்ந்து பார்த்துவந்த ஆய்வு ஒன்றின் நடுவில், செரோக்கி மக்கள் சூதாட்ட விடுதி திறந்து, அதன் லாபத்தை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரொக்கமாகப் பங்கு போட்டார்கள். வறுமையிலிருந்து மேலே வந்த வீடுகளின் பிள்ளைகளிடம் நடத்தைக் கோளாறுகள் குறைந்தன. பெற்றோருக்குப் பிள்ளைகளைக் கவனிக்க நேரம் கிடைத்ததுதான் முக்கியக் காரணமாகத் தெரிந்தது. யாரும் ஆலோசனை வழங்கவில்லை, பணம்தான் வந்தது.

இனூயிட் மக்களின் தேசிய அமைப்பான இனூயிட் தாபிரீட் கனாதாமி 2016-ல் வெளியிட்ட தற்கொலைத் தடுப்புத் திட்டத்தில் இரண்டும் இருக்கின்றன: வீடு, உணவு, வருமானம் ஒரு பக்கம், மொழி, பண்பாடு, பழைய காயங்களுக்கு மருந்து இன்னொரு பக்கம், நடுவில் பிறந்த நாளிலிருந்து பிள்ளைகளைப் பாதுகாப்பது. இதைப் போவதற்கு முன் கட்டாயம் படியுங்கள். அவர்களே தங்களைப் பற்றி எழுதியது.

இனி உங்கள் ஆறு வாரத்துக்கு வருகிறேன்.

அங்கே பிள்ளைகள் "ஆமாம்" என்பதற்குப் புருவத்தைத் தூக்குவார்கள், "இல்லை" என்பதற்கு மூக்கைச் சுருக்குவார்கள். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கணினியைப் பார்த்துக்கொண்டே "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று கேட்டால், அந்தப் பையன் பதில் சொல்லியிருப்பான், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். "பதில் அளிக்கவில்லை" என்று குறிப்பில் எழுதிவிட்டு அனுப்பிவிடுவீர்கள். முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

நேராகக் கேளுங்கள், சுற்றி வளைக்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது என்பதை ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. கேட்கப்பட்டதில் நிம்மதி அடைகிறவர்களே அதிகம். நுனாவுட்டுக்கென்றே மாற்றியமைத்த தற்கொலைத் தலையீட்டுப் பயிற்சி இருக்கிறது, முடிந்தால் போய்ச் சேர்ந்ததும் அதில் உட்காருங்கள். ஊரில் அண்மையில் ஓர் இறப்பு நடந்திருந்தால் மொழிபெயர்ப்பாளரிடமும் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளரிடமும் கேளுங்கள்: அந்தப் பிள்ளைக்கு நெருக்கமானவர்கள் யார் யார்? ஒரு சாவுக்குப் பின் அடுத்த சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை, அவர்களை நீங்கள் தேடிப் போக வேண்டும், அவர்கள் வரிசையில் வந்து உட்கார மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. அங்கே ஒரு பதினாறு வயதுப் பெண் தன் கதையை உங்களிடம் சொல்கிறாள் என்றால், உங்களுக்கு முன்னால் வந்துபோன எத்தனையோ பேரிடம் அதை ஏற்கெனவே சொல்லியிருப்பாள். ஒவ்வொருவரும் ஆறு வாரத்தில் விமானம் ஏறிவிட்டார்கள். அதனால் முதல் சந்திப்பிலேயே எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். கிளம்புவதற்கு முன், அவள் சம்மதத்தோடு, ஊரிலேயே இருக்கப்போகிற ஒருவரை, அத்தையோ ஆசிரியையோ உள்ளூர் மனநலப் பணியாளரோ, அதே அறையில் உட்காரவைத்து, அவள் திரும்பச் சொல்லத் தேவையில்லாதபடி ஒப்படைத்துவிட்டு வாருங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பித்து அதே ஊருக்குத் திரும்ப முடியுமா என்று இப்போதே ஏஜென்சியிடம் கேட்டு வையுங்கள். வேறு ஊர் காட்டினால் மறுத்துவிட்டு அதே ஊரையே கேளுங்கள்.